நான் பார்த்தால் தோற்குமாம்

ஏப்ரல் 16, வியாழன்

பின்னேரம் மழை. கொட்டாஞ்சேனைச் சந்தியில் முழங்கால் அளவு தண்ணீர்.

வெட்கத்தை விட்டு முதலில் இதை எழுதிவிடுகிறேன். எங்கள் கிளப் கோல் போட்ட சந்தோஷத்தில், ஐம்பத்திரண்டு வயதில், பக்கத்துக் கதிரையில் இருந்த சிவநாதனின் மொட்டைத் தலையில் முத்தம் கொடுத்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் நடுவர் கையை ஆட்டினார். ஓஃப்சைட். கோலைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். முத்தத்தை எப்படி எடுப்பது? பாவம் மனுஷன், பாங்கில் வேலை, இதற்காக வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் துடைத்தார், துடைத்தார்.

"பயப்படாதீங்க தம்பி, லிப்ஸ்டிக் பூசல்ல."

சிரிக்கவில்லை.

0-1 தோல்வி. போன கிழமை முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் கூட அடித்து வைத்திருந்ததால் தப்பினோம். ஐரோப்பாக் கிண்ணத்தில் அரையிறுதி. மாதாவே தோத்திரம்.

ஐரோப்பா ஆட்டம் என்றால் பகல் முழுக்கத் தண்டனை. அவர்கள் ஆடுவது நமக்கு நடுச்சாமம். விடிந்தால் எல்லாருக்கும் வேலை. பதிவு செய்து வைத்து, மறுநாள் பின்னேரம் நிசாம் மஃரிப் தொழுதுவிட்டு வந்த பிறகு அவனுடைய தையற்கடை மாடியில் பார்ப்பது. அதுவரை முடிவை யாரும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. ஃபோன்கள் பிஸ்கட் டின்னுக்குள். இன்று காலை மீன்காரன் சொல்ல வாய் திறந்தான். காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தேன். மீன் வாங்கவில்லை. நாளைக்குக் கருவாடு.

ஏப்ரல் 19, ஞாயிறு

வெயில். பூசைக்குப் போகவில்லை. மட்டக்குளியில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்கு அறுபது சோற்றுப் பார்சல். கோழி, பருப்பு, கத்தரிக்காய். கையெல்லாம் மிளகாய் எரிவு.

கிளப்பின் சொந்த நாட்டு லீக் ஆட்டம் பார்க்க மாடிக்கு அதனால் போக முடியவில்லை. 3-0 வெற்றி! நிசாம் ஃபோனில் கத்தினான்: "ராணியக்கா, நீங்க வராதது நல்லம் போல!"

நானும் சேர்ந்து சிரித்தேன். மடைச்சி.

ஏப்ரல் 25, சனி

போனேன். நேரடி ஆட்டம். 1-2. லீக் கிண்ணம் கைவிட்டுப் போச்சு. இனி ஐரோப்பா மட்டும்தான். நம்ம கோல்காப்பாளன் பந்தைப் பிடிக்கச் சொன்னால் எதிராளியின் காலடியில் கொண்டுபோய் வைக்கிறான், பந்தியில் சோறு வைப்பது மாதிரி. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

படி இறங்கும்போது பின்னால் சிவநாதனின் குரல்: "நான் எழுதி வச்சிருக்கிறன். அவ வந்த நாளெல்லாம் தோல்வி. கொப்பியைப் பாருங்கோவன்."

எவ? திரும்பினேன். எல்லாரும் அவசரமாகச் செருப்புத் தேடினார்கள்.

ஏப்ரல் 27, திங்கள்

புழுக்கம். அரிசி முடிகிறது.

நிசாம் கடைக்குப் பகல் பார்சல் எடுக்க வந்தான். தெருவிலேயே "அக்கா, முட்டை போட்டீங்களா?" என்று கேட்கிறவன், இன்று கதவு நிலையைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, வியாழக்கிழம... நீங்க வராம ஈந்தா நல்லம்."

"ஏன், கதிர காணாதா?"

"இல்ல. பொடியங்க அப்பிடித்தான் செல்றாங்க. ராசி..."

"டேய், அந்த ஆட்டம் நடுச்சாமத்துலயே முடிஞ்சிடும். ஆடினவனுகள் படுத்து எழும்பி, தேத்தண்ணியும் குடிச்சிட்டு இருப்பானுகள். நான் பின்னேரம் பாத்தா எப்படித் தோக்கும்?"

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"அது சரிதான்க்கா. எண்டாலும்..."

"எண்டாலும் என்ன?"

"அந்தோனி அண்ணன் மவுத்தானதுல இருந்துதான் இப்பிடி எண்டு செல்றாங்க."

பார்சலைக் கையில் வைத்தேன். கதவைச் சாத்தினேன்.

புருஷனைத் தின்றவள். அதை நேரே சொல்ல வாய் கூசியிருக்கிறது, பந்தைச் சாட்டுகிறார்கள். அந்தோனி போனது சீனி வருத்தத்தில். என் கண் பட்டு அல்ல. கப்பலில் வேலைக்குப் போன காலத்தில் கிளப்பின் ஊர்த் துறைமுகத்தில் மூன்று நாள் நின்று, ஒரு கம்பளிச் சால்வையோடு அந்தக் கிளப்பைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்ததே அவர். இவனுகளுக்கு ஆட்டக்காரர் பெயரெல்லாம் சொல்லிக் கொடுத்ததும் அவர்.

இரண்டு வருடமாக நான் வாய்விட்டுக் கத்துகிற, சிரிக்கிற இடம் அந்த மாடி ஒன்றுதான். அதற்கும் கதவு.

ஏப்ரல் 28, செவ்வாய்

தையற்கடைக்கு ஏழு பார்சல்:
பாவற்காய்க் கறி.
பாவற்காய்ச் சம்பல்.
முட்டை இல்லை. அப்பளம் இல்லை. உப்பும் இல்லை.

ஒரு முறைப்பாடு வரவில்லை. குற்றமுள்ள வாய் எதையும் விழுங்கும்.

ஏப்ரல் 30, வியாழன்

போகவில்லை. வெங்காயம் உரித்தேன், தேவைக்கு மேல் மூன்று கிலோ.

அரையிறுதி முதல் ஆட்டம் 0-2 தோல்வி. நான் இல்லாமல்!

மகள் ஷர்மி: "அம்மா, உங்கட டீம் தோத்ததுக்கு ஏன் சிரிக்கிறீங்க?"

மே 2, சனி

பஸ் தரிப்பில் சிவநாதனைப் பிடித்தேன்.

"இப்ப என்ன சொல்றீங்க? நான் வரல்லயே."

"கோவிக்காதேங்கோ அக்கா. வீட்டில இருந்து பாத்தனீங்களோ?"

"இல்ல."

"நினைச்சனீங்களோ?"

இந்த இடத்தில் பொய் சொல்லியிருக்க வேண்டும்.

"நினைச்சேன்."

"அதுதானே." கொப்பியை எடுத்தார். "அதையும் குறிக்கவேணும்."

பிறகு நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், ஷர்மி வாசிக்கக் கூடும். இரண்டு ஆட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒருவன் "அம்மோ!" என்றான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நடந்து முடிந்தது முடிந்ததுதான் என்பது அதற்கு முதலே தெரியும். பாங்கில் என்னத்தை எண்ணுகிறார்களோ.

இரவும் கோபம் ஆறவில்லை. தலையணை உறை கிழிந்தது. பழைய உறைதான்.

மே 7, வியாழன்

மழை இல்லை. இரண்டாம் ஆட்டம். ஃபோனை ஷர்மியிடம் கொடுத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு எல்லாருக்கும் முதல் மாடி ஏறினேன். அந்த டிவி அந்தோனி வாங்கி, தன் கையால் சுவரில் பூட்டியது. கழற்றிக்கொண்டு போவதென்று முடிவு.

கதிரையில் ஏறினேன். மேல் ஸ்க்ரூ இரண்டும் கழன்றன. மூன்றாவதில் கை வைத்தபோது நிசாம் வந்தான், பின்னால் சிவநாதனும் மற்றவர்களும்.

"அக்கா! என்ன செய்றீங்க?"

"அந்தோனிட பொஞ்சாதிக்கு ராசி இல்லயெண்டா அந்தோனிட டிவிக்கும் இருக்காது. கொண்டு போறேன். சுவத்தப் பாத்துக்கொண்டு இருங்க, வெல்லும்."

நிசாம் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான்.

"எறங்குங்கக்கா. அண்ணன்ட டிவிய வச்சிக்கிட்டு உங்கள வராதீங்க எண்டு செல்லிட்டோம். மடையனுகள் நாங்க."

"சிவநாதன் தம்பி?"

மொட்டையைத் தடவினார். "இருங்கோ அக்கா. ஆட்டம் எப்பவோ முடிஞ்சுதுதானே. இனி நீங்கள் பாத்தென்ன, பாக்காட்டி என்ன."

என்னுடைய கதையை எனக்கே விற்கிறார்! "முதல்ல அந்தக் கொப்பியக் கிழிங்க" என்றேன். கிழித்தார். முன்வரிசையில், நடுக் கதிரையில் இருந்தேன்.

இடைவேளைக்கு முன் 1-0. கடைசியில் இன்னொன்று. மொத்தத்தில் சமன். மேலதிக நேரம். பெனால்டி. சிவநாதன் லேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. இமைக்கக்கூட இல்லை, வேண்டுமென்றே. அவர்களுடைய கடைசி அடி. நம்ம கோல்காப்பாளன் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டான்.

வென்றோம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

மாடி பலகைத் தளம். பன்னிரண்டு பேரும் ஒன்றாகக் குதித்தோம். டிவி முகங்குப்புறக் கீழே வந்தது. ஸ்க்ரூ இரண்டும் என் கையில் இருந்தன.