நடக்காமல் இட்ட முத்திரை

குன்றவாயில் நாட்டின் மலைகளையும் அவற்றை ஊடறுத்துச் செல்லும் குடைவழியையும் காத்தருளும் அரசி எயினியார் திருமுன்பு, வேங்கைத்துறை மன்னர் செழுங்கோவின் ஆட்சியாண்டு ஏழு, தைத் திங்கள் ஒன்பதாம் நாள், அரச வண்டிச் சோதனை அதிகாரி நன்னாகன் தன் கையால் எழுதும் ஓலை. தங்கள் மலைகளில் மழை தவறாது பெய்க. தங்கள் கல்தச்சர் உளிகள் வழுவாது நிற்க. குடைவழிக்குள் நுழைவோர் எல்லோரும் மறுபுறம் வந்து வெயிலைக் காண்க.

இந்தக் கடைசி வாழ்த்து வழக்கத்துக்காக எழுதியதன்று. ஆகவே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குடைவழியின் கதவை இவ்வோலை கண்டவுடன் சங்கிலியிட்டு மூடுமாறு வேண்டுகிறேன். எங்கள் நாட்டிலிருந்து நாற்பது கனல்வண்டிகள், உப்பும் பயணிகளும் ஏற்றிக்கொண்டு, தங்கள் மலைவிழாவுக்காகப் புறப்பட்டிருக்கின்றன. அவை ஐந்து கூட்டங்களாகப் பிரிந்து ஐந்து பாதைகளில் வருகின்றன. அவற்றைத் திருப்பியழைக்கக் குதிரை வீரர்கள் போயிருக்கிறார்கள். எல்லாக் கூட்டத்தையும் எட்டுவார்களா என்று தெரியாது. ஐந்து பாதைகளும் சேருமிடம் தங்கள் குடைவழியின் வாயில் ஒன்றே. வண்டிகள் அங்கே வந்து சேர இன்னும் நான்கு நாள் ஆகும். இவ்வோலை இரண்டு நாளில் வந்து சேரும். ஒரு வண்டிகூட நெருப்போடு உள்ளே நுழையக் கூடாது.

இவ்வண்டிகள் புகை குறைந்தவை என்று தங்களிடம் சான்று தந்தவன் நான். அச்சான்று பொய்.

இருபத்தோராண்டுகளுக்கு முன் பழைய கனல்வண்டிகள் மூன்று குடைவழியின் நடுவே நின்றுபோனதையும், பதினேழு பேர் வெளியே வராமற்போனதையும், தங்கள் தந்தையார் அன்று முதல் கனல்வண்டி எதையும் உள்ளே விடாததையும் அறிவேன். அத்தடையை நீக்கத்தான் எங்கள் மன்னரும் வண்டித் தச்சர் கணமும் கூட்டாக உழைத்தனர். அரண்மனை இரும்பும் பட்டறை நிலமும் ஆறாண்டு வரிவிலக்கும் தந்தது. கணம் தன் தச்சரையும் கொல்லரையும் தந்தது. பழைய வண்டிக்கு ஆகும் விறகில் பாதியில் ஓட வேண்டும், அதன் புகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரக் கூடாது என்பது உடன்படிக்கை. நான்காண்டுகளில் அவர்கள் அடுப்பை நீட்டினார்கள், புகைக்குழலை இருமடியாக வளைத்தார்கள், வெப்பம் வீணாகாமல் கொதிகலத்தைச் சுற்றிவரச் செய்தார்கள். பாதி விறகு என்பது மெய். அதை நானே பலமுறை நிறுத்துப் பார்த்தேன். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

புகை பற்றிய சோதனைக்கு எங்கள் நாட்டில் இரண்டு படிகள் உண்டு. புகைக்குழலின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வண்டியை ஒரு காதம் ஓட்டுவது முதற்படி. சோதனை அதிகாரி அந்த ஒரு காதமும் வண்டிக்குப் பின்னே புகையை மூச்சில் வாங்கியபடி நடப்பது இரண்டாம்படி. இதைப் பின்நடை என்போம். பாதையோரத்தில் விற்கும் விறகையே எரிக்க வேண்டும் என்பதும் விதி. எது எரிகிறது என்பதைப் பின்னால் நடப்பவன் காண்பான், முகர்வான். துணி அதைச் சொல்லாது.

நான் பின்நடை முடித்து வரும் நாள்களில் என் மனைவி வேண்மாள் என்னை வாசலில் நிறுத்தி மேலாடையை வாங்கி முகர்ந்து பார்ப்பாள். "இன்னிக்குப் பச்சை வேம்பை எரிச்சிருக்காங்க. குளிச்சிட்டு உள்ள வாங்க" என்பாள். அவள் சொன்னது ஒருநாளும் தவறியதில்லை. அவள் சொன்னதையும் என் குறிப்பில் எழுதிக்கொள்வேன். யார் சொன்னதென்று மட்டும் எழுதமாட்டேன்.

கார்த்திகை ஒன்பதாம் நாள் அவள் காய்ச்சலில் இறந்தாள். சோதனை இருபதாம் நாள்.

எங்கள் நாட்டில் துக்கம் பதினாறு நாள். துக்க வீட்டார் புதிய வண்டிக்குப் பின்னே நடந்தால் அவ்வண்டி வீடு திரும்பாது என்று தச்சர்கள் நம்புகிறார்கள். பட்டறை வாயிலில் கணத்தலைவர் பெருங்கொற்றனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பின்னாடி வரவேணாம் தம்பி. நிழல்ல உக்காருங்க. துணி உங்க கைக்கு வந்துரும்" என்றார். அன்போடுதான் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

துக்கத்தில் உள்ள அதிகாரி சோதனையை ஒத்திவைக்கலாம், அல்லது தனக்குப் பதிலாக இன்னொருவரை நடக்கச் சொல்லலாம் என்று விதியிலேயே உள்ளது. ஐந்து நாள் ஒத்திவைத்திருந்தால் போதும். நான் இரண்டையும் செய்யவில்லை. நிழலில் உட்கார்ந்தேன். நடந்து முடித்து வீட்டுக்குப் போனால் மேலாடையை வாங்க வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது மட்டும் அப்போது மனத்தில் இருந்தது. நடக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இவ்வோலையும் இன்னொரு பொய்யாகிவிடும்.

துணி வெள்ளையாக வந்தது. முத்திரை இட்டேன். "பின்நடை முடிந்தது" என்று வழக்கமான வரியையும் எழுதினேன். தாங்கள் தடையை நீக்கியது அந்த வரியை நம்பி.

நேற்றுக் காலை காரி என்னும் வண்டியோட்டி என் வீட்டுக்கு வந்தார். முந்தாநாள் புறப்பட்ட நாற்பது வண்டிகளில் ஒன்று அவருடையது. முதல் ஏற்றத்தில் பாதையோர விறகைப் போட்டதும் வண்டி கரும்புகை கக்கியிருக்கிறது. பயணிகளை இறக்கி, வண்டியைத் தம்பியிடம் விட்டு, திரும்பி நடந்தே வந்திருக்கிறார். மூக்கைச் சுற்றிலும் கரி. பேச்சுக்குப் பேச்சு இருமினார். "எங்களக் கருவாடாக்கி விழாவுக்கு எடுத்துட்டுப் போறியாடான்னு பின்பலகையில உக்காந்து வந்தவங்க கேக்குறாங்கய்யா. நானும் சிரிச்சேன். அப்புறம் அந்தக் குடைவழி ஞாபகம் வந்துச்சு" என்றார். பிறகு கேட்டார்: "ஐயா, நீங்க இந்த வண்டிக்குப் பின்னாடி நடந்தீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப யாரு நடந்தா?"

அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

சோதனைத் துணி என் பெட்டியில் இருந்தது. எடுத்து முகர்ந்தேன். எனக்கு அவளைப் போல் மூக்குக் கிடையாது. ஆனாலும் தெரிந்தது. அது விறகு அன்று, புகையில்லாமல் எரியும் சிரட்டைக் கரி.

துணியோடு பெருங்கொற்றனாரிடம் போனேன். அவர் மறுக்கவில்லை. பாதையோரத்தில் விற்கும் ஈர விறகின் சாம்பல் அடுப்பின் அடித்தட்டை அடைத்துவிடுகிறது. தட்டைத் திருத்த இன்னும் நான்கு மாதம் வேண்டும். ஆனால் மலைவிழாவில் வண்டிகள் ஓடும் என்று அரண்மனை முன்னதாகவே பறைசாற்றிவிட்டது. அதனால் அன்று சிரட்டைக் கரியை இட்டோம் என்றார். முதல் அரைக் காதத்திலேயே நான் கண்டுபிடித்து நிறுத்திவிடுவேன், அதைக் காட்டி அரண்மனையிடம் தவணை கேட்கலாம் என்றே எண்ணியிருந்தாராம். என் முகத்தைப் பார்த்த பிறகு நடக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. துணி வெள்ளையாக வந்து நான் முத்திரையும் இட்ட பிறகு உண்மையைச் சொல்லவும் வரவில்லை. என்னை நம்பித்தான் அவர் கரியை இட்டிருக்கிறார். அவர் மீது சினம் கொள்ள முயன்றேன். முடியவில்லை.

இவை அனைத்தையும் இன்று காலை மன்னர் திருமுன் கூறினேன். பறைசாற்ற அவசரப்பட்டது தம் பிழை என்று மன்னர் கூறினார். முத்திரையிட்ட கையே அரசியாருக்கு எழுதட்டும் என்றும், ஒரு சொல்லும் திருத்தாமல் இவ்வோலை செல்லட்டும் என்றும் ஆணையிட்டார். கணத்துக்குத் தட்டைத் திருத்த நான்கு மாதமும் பட்டறையும் தொடர்ந்து உண்டு. கூட்டு முறியவில்லை. பறை மட்டும் நிறுத்தப்பட்டது.

ஐந்து கூட்டங்களின் வண்டித் தலைவர்களுக்கும் தங்கள் வாயிலில் படித்துக் காட்ட வேண்டிய மன்னரின் ஆணை இது: இவ்வோலை படிக்கக் கேட்ட இடத்திலேயே நெருப்பை அணையுங்கள். பயணிகளை இறக்கி, நெருப்பு அணைந்து கதவு திறந்த பின் நடந்தே குடைவழியைக் கடக்கச் செய்யுங்கள். உப்பை மாட்டுவண்டிகளில் மாற்றுங்கள். வண்டியோட்டி எவர் மீதும் குற்றம் இல்லை.

அரசியாரிடம் எனக்கென ஒரு வேண்டுகோள் உண்டு. நாளை புறப்பட்டு வருகிறேன். தங்கள் வாயிலுக்கு வெளியே உள்ள மலைப்பாதையில், தாங்கள் தேர்ந்தெடுக்கும் வண்டியில், தாங்கள் தேர்ந்தெடுக்கும் ஈர விறகை இட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஒரு காதமும் பின்னே நடக்கிறேன். நான்கு மாதம் கழித்துத் திருத்திய வண்டி வரும்போதும் வந்து நடக்கிறேன். அப்போது நான் எழுதுவதை மட்டும் நம்ப வேண்டாம். மேலாடையை முகர்ந்து உள்ளது சொல்ல என் வீட்டில் இப்போது ஆளில்லை. தங்கள் நாட்டில் ஒருவரை அதற்கு நியமித்தருள்க. இருபத்தோராண்டுகளுக்கு முன் அந்த வாயிலில் காத்திருந்த வீட்டார் எவரேனும் இருந்தால், அவரையே நியமிக்க வேண்டுகிறேன்.

மன்னர் செழுங்கோவின் வேங்கை முத்திரை இவ்வோலையின் தலைப்பில் உள்ளது. ஆணைக்கு அதுவே போதும். என் முத்திரையை இரண்டாக உடைத்தேன். ஒரு பாதி பெருங்கொற்றனாரின் பட்டறை வாயிலில் தொங்குகிறது. மறுபாதி இவ்வோலைக் கயிற்றில் கட்டி வருகிறது.

குதிரை நிற்கிறது. இத்துடன் முடிக்கிறேன். கதவை மூடுங்கள்.

நன்னாகன், கையெழுத்து.