பரஸ்தானம் வைத்த குடை

என் பக்கத்துக் கடைக்காரனுக்கு,

அஸர் தொழுதுவிட்டு வாசலுக்கு வந்தபோது புகை நாற்றம் வந்தது. அக்குறணையில் குப்பை எரிப்பதும் பழைய டயர் எரிப்பதும் புதிதில்லை. ஆனால் புதுத் துணி கட்டுக்கட்டாக எரியும்போது வருகிற நாற்றம் வேறு. உன் கடை எரிந்த அந்த ஆவணியில் என் மூக்கு அதைப் படித்துக்கொண்டது, இந்த வயதிலும் மறக்கவில்லை. கண்டிக்குப் போகிற வழியில், கட்டுகஸ்தோட்டைப் பக்கம், எங்கள் முஸ்லிம் ஆட்களின் கடைகள் எரிகின்றன என்று முன்வீட்டுக்காரர் சொன்னார். உள்ளே போய் அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு உன் குடையை எடுத்தேன். மரப்பிடியும் கறுப்புத் துணியும், நீ சுற்றிக் கட்டிய நூலும்கூட அப்படியே இருக்கின்றன. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கண்டியில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நாம் கடை வைத்திருந்தோம். உன் அப்பா விட்டுப்போன புடவைக்கடை உன்னுடையது, இரும்புக்கடை என்னுடையது. உன் பக்கம் ஆணி அடித்தால் என் பக்கம் சுண்ணாம்பு உதிரும். அந்த ஆணியையும் என்னிடமே வாங்கி, விலை பேசி, போதாததற்கு என் சுத்தியலையும் இரவல் கேட்பாய். என்னைவிட மூத்தவன்தான் நீ. ஆனாலும் ஊரே எங்கள் முஸ்லிம் ஆட்களை அழைப்பதுபோல் என்னை 'நானா', அண்ணன், என்றே கூப்பிட்டாய். பதிலுக்கு நான் உன்னை 'ஸ்டேசன் மாஸ்டர்' ஆக்கினேன்.

அந்தப் பட்டம் சும்மா வந்ததில்லை. நீ சிறுவனாக இருந்தபோது உங்கள் கடைக்கு வரும் துணிக்கட்டுகளின் சாக்கில் ஸ்டேசன் பெயர்களை மையால் எழுதியிருப்பார்களாம். தலைமன்னார், ராமேஸ்வரம், மதுரை. மதுரைக்கு முன்னால் என்ன ஸ்டேசன், அதற்கு முன்னால் என்ன என்று கேட்டுக் கேட்டு உன் அப்பாவை நச்சரித்ததில், ஒருநாள் அவர் எரிச்சலோடு லண்டன் என்று சொல்லிவிட்டார். அன்று பிடித்தது கோச்சிப் பைத்தியம், ரயில் பைத்தியம். மத்தியான வேளையில் வியாபாரம் ஓய்ந்ததும் என் கடைக் கதிரையில் வந்து உட்கார்ந்து, "கண்டியில ஏறி லண்டன்ல இறங்கணும் நானா. நடுவுல தண்ணி வந்தா அது கோச்சியோட குத்தமில்ல" என்பாய். போகிற வழி மட்டுமில்லை, வருகிற வழியும் கோச்சிதான். கண்டியில் ஏறியவன் கண்டியில்தான் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அது பயணமே இல்லை என்று சட்டம் வேறு வைத்திருந்தாய்.

கடைசியில் அது கைகூடத்தான் செய்தது. இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களுக்கு லேசில் குடியுரிமை கிடைக்காத காலத்தில் எப்படியோ உன் அப்பா பதிவுப் பிரஜையாகி, உனக்குப் பாஸ்போர்ட் எடுக்கிற யோகத்தை விட்டுப்போயிருந்தார். லண்டனில் ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தியைக் கட்டியிருந்த உன் மச்சான், தூரத்து டிக்கட்டுகளை அங்கேயே எடுத்து அனுப்பிவைத்தான். எழுபத்தேழாம் வருசம் வைகாசியில் நீ புறப்படுவதாக முடிவானது.

பரஸ்தானம் என்ற சொல்லை அப்போதுதான் முதலில் கேட்டேன். நல்ல நேரம் ஒரு நாளும் கோச்சி வேறு நாளும் என்றால், நல்ல நேரத்தில் பயணக்காரனின் பொருள் ஒன்றைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டுமாம். பொருள் வாசலைத் தாண்டினால் ஆளே தாண்டியதாகக் கணக்கு. பிறகு போகிற நாளில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். எந்தச் சொந்தக்காரர் வீடும் உன் அம்மாவுக்குச் சரிப்படவில்லை. "பொறாமைப்படாத வீடா இருக்கணும், நானா வீட்லயே வையி" என்றாராம். நீயும் மழையில்லாத ஒரு நாளில் வேட்டியில் சுற்றிய குடையோடு மாத்தளை பஸ்ஸில் அக்குறணைக்கு என் வீட்டுக்கு வந்து இறங்கினாய். என் உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புள்ள, குடை மட்டுந்தான் விருந்துக்கு வந்தீக்கா? இதுக்குச் சோறு போடோணுமா?" என்று கேட்டார். நீ சிரித்த சிரிப்பில் வீட்டுப் பூனை எழுந்து ஓடியது.

புறப்படும் நாள் காலையில் அதை எடுக்க வந்தவன், இடியப்பம் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு எழுந்தாய். குடை என்று ஞாபகப்படுத்தினேன்.

"இருக்கட்டும் நானா. திரும்பி வர்றதுக்கு ஒரு சாக்கு வேணும்ல? அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க."

பரஸ்தானம் வைத்த பொருளை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்துதான் விளையாடினாய்.

உன் அம்மாவின் பயம் வேறொன்று. நீ லண்டன் போனாலும், கண்டியில் ஏறப்போவது தலைமன்னார்ப் பயணிகளோடுதானே. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படுகிற தேயிலைத் தோட்டத்துச் சனங்களும் அதே வண்டியில்தான் போனார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று ஊரே பெயர் வைத்திருந்தது. அழுகிற வண்டியில் நல்ல காரியத்துக்கு ஏறாதே, வேறு நாள் பார் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அழாத கோச்சி கண்டியில் கிடையாது அம்மா என்று நீ சொன்னாய். அது உண்மைதான்.

அன்று மேடை நிறையக் கலஹாத் தோட்டத்துச் சனங்கள். தகரப் பெட்டிகள், அம்மிக்கல், கூண்டில் ஒரு சேவல்கூட. போகிறவர்கள் ஜன்னலுக்கு உள்ளே, இருக்கிறவர்கள் வெளியே, கைகளைப் பிரிக்க முடியவில்லை. புதுக் கம்பளிக் கோட்டோடு நடுவில் நின்ற உனக்குச் சந்தோசப்படக் கூச்சமாக இருந்தது. அழுது ஓய்ந்த ஒரு பெண் உன்னைப் பார்த்து, எந்தத் தோட்டம், எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டாள். லண்டனுக்கு என்றாய். அவள் உன்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்புட்டுத் தூரத்துக்கா தள்ளிவிடுறாங்க, என் சாமி" என்று சொல்லி உன் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்திய ஒப்பாரியை மறுபடி தொடங்கினாள். இந்த முறை உனக்காக. உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். வண்டி நகர்ந்து வளைவில் மறையும்வரை அந்தக் குரல் கேட்டது.

பிறகு உன் தபாலட்டைகள் வரத் தொடங்கின. பாலைவனத்தில் தண்டவாளம் முடிந்துபோய் பஸ்ஸில் ஏறியதாகவும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும் ஒன்று. துருக்கியில் ஒரு ஏரியைக் கடக்கக் கோச்சிப் பெட்டியையே கப்பலில் ஏற்றினார்கள், பார்த்தீர்களா, தண்ணீர் கோச்சியின் குற்றமில்லை என்று இன்னொன்று. லண்டனிலிருந்து வந்ததில் ஒரே வரி: "இறங்கிட்டேன் நானா." அதைக் கடைக்குக் கடை காட்டினேன். என்னவோ நானே போய் இறங்கியதுபோல நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன். நினைத்ததை முடித்தவன் ஒருவனாவது நம் தெருவில் இருக்கிறான் என்று பெருமையாக இருந்தது.

நீ திரும்பிக்கொண்டிருந்தபோது இங்கே காற்று மாறியது. ஆடியில் தேர்தல் முடிந்தது. தெருவில் எல்லாரும் வழக்கம்போலத்தான் சிரித்தார்கள், ஆனால் சிரித்து முடித்ததும் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள். ஒரு பழைய வாடிக்கையாளர் ஆணி கேட்டு வந்து, நம் இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது கல்சுவரா பலகையா என்று விசாரித்தார். கல் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு ஆணி வாங்காமல் போனார்.

ஆவணி பிறந்தபோது வடக்கில் ஏதோ நடந்துவிட்டது என்று பேச்சு வந்தது. அனுராதபுரப் பக்கம் கோச்சியை மறித்துத் தமிழ் ஆளாகப் பார்த்து இறக்குகிறார்கள் என்று அடுத்த பேச்சு வந்தது. என் உம்மாவின் சேலையால் முக்காடு போடவைத்து உன் அம்மாவை வேனில் அக்குறணைக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றைத்தான்: பிள்ளை எங்கே வருகிறான்? உன் கடைசி அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. திருச்சியில் பெரியம்மா வீட்டில் தங்கியிருப்பதாகவும், வளர்பிறையில் நாள் பார்த்துக் கிளம்பி ராமேஸ்வரத்தில் கப்பலேறுவதாகவும் எழுதியிருந்தாய். தலைமன்னாரில் இறங்கினால் கண்டிக்குக் கோச்சி அனுராதபுரம் வழியாகத்தான். உலகமெல்லாம் சுற்றியவனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு துண்டு.

தந்தி அடிக்கத் தபால்கந்தோருக்கு ஓடினேன். வராதே, அங்கேயே இரு, இங்கே குழப்பம் என்று எழுதச் சொல்லி வீட்டிலேயே முடிவு செய்திருந்தோம். வாசல்வரை வந்த உன் அம்மா, "என்னைய சுகம்னு சேர்த்துப் போடுங்க தம்பி. இல்லாட்டி பயந்துக்கிட்டு ஓடி வந்திருவான்" என்றார். சேர்த்துப் போட்டேன். ரசீதைக் கையில் வாங்கியதும் பாதி உயிர் திரும்பியது. தந்தி உன்னைவிட வேகமானது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாளில் உன் கடை எரிந்தது. கல்சுவர் என் கடையைக் காப்பாற்றியது. சாம்பலை மிதித்துப் பார்த்துவிட்டு அக்குறணைக்கு வந்து, போனால் போகட்டும், ஆள் திருச்சியில் பத்திரமாக இருக்கிறான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவரும் அப்படியே நம்பி, ஐந்து வேளையும் என் உம்மா தொழும்போது பக்கத்தில் உட்கார்ந்து தன் சாமியைக் கும்பிட்டார்.

ஊர் அடங்கிய பிறகு மன்னார் வியாபாரி ஒருவர் கடைக்கு வந்தார். கம்பளிக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு கோச்சிக் கதை சொன்ன ஒருவர் தன்னோடு தலைமன்னாரில் ஏறியதாகச் சொன்னார். கண்டி ஸ்டேசனில் கால் வைத்ததும் தன் பயணம் முழுமையாகிவிடும் என்றாராம் அந்த ஆள். வியாபாரி மதவாச்சியில் இறங்கிவிட்டார், வண்டி போய்விட்டது. மதவாச்சிக்கும், கண்டிக்குத் திரும்புகிற பொல்காவலைக்கும் நடுவில், அந்த அனுராதபுரத் துண்டில், உனக்கு என்ன ஆனது என்பதை இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி, பொலிஸ், கோயில் மடம் எல்லாம் தேடினேன். உன் கோட்டுகூடக் கிடைக்கவில்லை.

தந்தி போய்ச் சேரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மறு வருசம் உன் அம்மாவைத் திருச்சியில் கொண்டுபோய் விட்டபோது உன் பெரியம்மா சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து நீட்டினார். பிரிக்காமல் ஒட்டியபடியே இருந்தது. நீ நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது கொல்லைப் பக்கமாக வந்ததாம். தந்தி என்றால் சாவு என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. தங்கை போய்விட்டாள் என்று முடிவு செய்து, நல்ல நேரத்தில் கிளம்புகிற பிள்ளையைச் சாவுச் சேதி சொல்லித் தடுப்பதா, ஊர் போய்த் தெரிந்துகொள்ளட்டும் என்று முந்தானையில் மறைத்துக்கொண்டார். நீ தெரு திரும்பியதும் கிணற்றடியில் உட்கார்ந்து தலை முழுகியிருக்கிறார். தங்கை உயிரோடு இருப்பதாகக் கடிதம் வந்த பிறகு அதைப் பிரித்துப் பார்க்கிற தைரியம் அவருக்கு வரவில்லை.

என் தந்தியை நானே பிரித்து, இங்கிலீசில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். உன் அம்மா அழவில்லை. என்னைப் பார்த்து, "அதுல என்னைய சுகம்னு போட்டிருக்கா தம்பி?" என்று கேட்டார். போட்டிருக்கிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அந்தப் பெரியம்மாவை நான் வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிரியத்தில் செய்ததுதான். அதுதான் இன்னும் எரிகிறது.

இன்று என் மகள் கொழும்புக் கோச்சி பிடிக்கக் கண்டிக்குப் புறப்பட்டு நின்றாள். கையில் பையும் காலில் சப்பாத்துமாக வாசலில் நிற்கிறாள், புகை நாற்றம் வருகிறது. என் மனைவி அவளுக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். போகிற பிள்ளையிடம் அபசகுனமாக எதையும் சொல்லாதே என்று அர்த்தம். சகுனம் பார்ப்பது ஆகாது என்று பள்ளிவாசலில் பயான் கேட்கிற வீடுதான் இது. ஆனாலும் அந்தக் கண்ஜாடை எல்லா வீட்டிலும் இருக்கிறது.

"போகாத மகள். கட்டுகஸ்தோட்டையில எரியுது" என்றேன்.

அந்தத் தந்தியைப் பிரித்த நாளிலிருந்து கெட்ட சேதி சொல்ல ஒருநாளும் நான் தயங்கியதில்லை. கல்யாண வீட்டிலும் சொல்லியிருக்கிறேன், பெருநாள் காலையிலும் சொல்லியிருக்கிறேன். கெட்ட வாய்க்காரன் என்று ஊரில் எனக்குப் பெயர். உன்னால் வந்த பெயர், இருக்கட்டும்.

மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள். பையைத் தரையில் வைக்கவில்லை. யாரோ தெருவில் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கதவை இறக்குகிறார்கள். மழை தூறத் தொடங்கியதும், வாசல் கேற்வரை போய்ப் பார்த்து வருகிறேன் என்று மகள் எழுந்து என் மடியிலிருந்த குடைக்குக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. ஏன் வாப்பா, இது யாருடைய குடை என்று கேட்டாள்.

பயணத்தில் இருக்கிறவர் ஒருவருடையது, இன்னும் வந்து சேரவில்லை என்றேன்.