அன்று காரின் கதவு திறந்திருந்ததா

இரண்டு நாட்களாக எங்கள் பால்கனிக் கம்பியில் ஒரு ரப்பர் மேட் தொங்குகிறது. வெயில் ஏற ஏற அதன் வாடை வீட்டுக்குள் வருகிறது. "இதை எப்பத்தான் தூக்கிப் போடப் போறீங்க?" என்று மனைவி கேட்கிறாள். உம்மிடமிருந்து வாங்கிய காரில், ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடத்தில் நான் விரித்திருந்த மேட் அது. உமக்கு எழுதி முடிக்காமல் அதை எறிய எனக்கு மனம் வரவில்லை.

நமக்குள் எப்போதும் 'நீர்'தான். தளேகாவ் தொழிற்சாலையில் நாள் முழுவதும் இந்தியும் மராத்தியும் பேசிக் களைத்த எனக்கு உமது திருநெல்வேலி 'வே' ஒன்றே ஓய்வு. நீர் உற்பத்திப் பிரிவு, நான் தரப் பரிசோதனை. உமது பிரிவிலிருந்து வரும் உருப்படிகளில் கேஜ் வைத்து அளந்து, அளவு பிசகியவற்றுக்கு 'ரிஜெக்ட்' என்று சிவப்புச் சீட்டுக் கட்டுவது என் வேலை. நீர் அதற்காகக் கோபித்ததே இல்லை. கேன்டீனில் என் எதிரே வந்து அமர்ந்து, "பொண்ணு பாக்கப் போனப்பவும் கேஜும் கையுமாத்தான் போனீராவே?" என்று கேட்பீர். நான் சிரிக்காமல் இருப்பதைப் பார்த்து நீர் சிரிப்பீர்.

பன்னிரண்டு வயதான உமது காரை வாங்குமுன், கோந்த்வாவில் உமது வீட்டிலிருந்து கத்ரஜ் கணவாய் வரை ஓட்டிப் பார்த்தேன். குறை ஒன்றும் தென்படவில்லை. மறுவாரம் மழை பிடித்துக்கொண்டது. அதன்பின் வண்டி வேகமெடுக்க மறுத்தது. இந்த ஊரில் எல்லா மொழிக்காரரும் 'பிக்கப் இல்லை' என்று சொல்லும் அந்தக் குறை. பழைய மும்பை நெடுஞ்சாலையில் சிக்னல் மாறியதும் ஆட்டோக்கள்கூட என்னை முந்திப் போயின.

நான் முறைப்படி தேடினேன். காற்று வடிகட்டியையும் பிளக்குகளையும் மாற்றினேன். மூன்றாம் கியரில் அழுத்தி, எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி பின்தங்குகிறதா என்று கிளட்சைச் சோதித்தேன். பின்தங்கவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதோ என்று, வண்டியை நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கைவைத்துப் பார்த்தேன். மிகையான சூடு இல்லை. ஒவ்வொன்றாக விலக்கியபின் எஞ்சியது ஒன்றே என்று தீர்மானித்தேன்: எஞ்சின் தேய்ந்துவிட்டது; அது உமக்குத் தெரியும்; தெரிந்தே விற்றீர்.

ஒரு மாலை தொழிற்சாலையின் வண்டி நிறுத்தத்தில், காரின் அருகே உம்மை நிறுத்தி, ஒன்பது குறிப்புகள் எழுதிய தாளை நீட்டினேன். கடைசிக் குறிப்பு, 'விற்றவர் குறையை மறைத்துள்ளார்' என்பது. நின்றபடியே வாசித்தீர். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர். "முதல்ல உம்ம காலடியைப் பாரும்வே" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸை நோக்கி நடந்தீர்.

என் யோக்கியதையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர் என்று எடுத்துக்கொண்டேன். அன்றோடு உம்முடன் பேச்சை நிறுத்தினேன். மழை ஓய்ந்த மாதத்தில் உமது இதயம் நின்றுபோயிற்று. கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட என் முறை வந்தபோதும் எனக்குக் கோபம் தீர்ந்திருக்கவில்லை. இதை உம்மிடம் மறைப்பதற்கில்லை.

சென்ற சனிக்கிழமை கசார்வாடியில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். மிதி எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று காட்டும் ஒரு சிறு கருவியை அவர் செருகி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொன்னார். நூறை நெருங்கவேண்டிய எண் அறுபதிலேயே நின்றது. "ஔர் தபாவ், சாப்" என்று இன்னும் அழுத்தச் சொன்னார். இதற்குமேல் போகாது என்றேன். அவர் குனிந்து, என் காலை ஒதுக்கிவிட்டு, ரப்பர் மேட்டைப் பிடித்து இழுத்தார். காரோடு வந்த விரிப்பு, அதன்மேல் நீர் போட்ட பிளாஸ்டிக், அதற்கும் மேலே மழைச் சேறு படக்கூடாதென்று நான் போட்ட தடித்த ரப்பர். அதன் விளிம்பு ஆக்சிலரேட்டரின் கீழே முட்டுக் கொடுத்திருந்தது. மறுபடி மிதித்தேன். எண் ஏறியது. "இஞ்சின் ஏக்தம் மஸ்த் ஹை, சாப்" என்றார். எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை.

அப்படியானால் நீர் சொன்னதற்கு என்ன பொருள்? அந்தத் தாளை எந்த நிற மையில் எழுதினேன், உமது சட்டையில் எந்தப் பித்தான் அறுந்திருந்தது, எல்லாம் சொல்வேன். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்ததா என்பது மட்டும் நினைவில் இல்லை. திறந்திருந்தால் நீர் மேட்டைக் கண்டு வழி சொல்லியிருக்கலாம். நான் அதை வசவாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூடியிருந்தால் அது வசவேதான்.

ஞாயிறன்று கோந்த்வாவுக்குப் போய் உமது மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"அவுகளுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும், அண்ணாச்சி? டயர் மாத்தவே ஆள் கூப்பிடுவாக" என்றார். டீயை என் முன் வைத்துவிட்டு, "அன்னைக்கு வந்து, 'அவரு என்னையே ரிஜெக்ட் பண்ணிட்டாரு'ன்னு சொன்னாக" என்றார்.

"வருத்தமாகவா?"

"சிரிச்சுக்கிட்டேதான். ஆனா அவுக எதுக்குத்தான் சிரிக்கல? இப்ப அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீக? டீயக் குடிங்க, ஆறுது."

குடித்தேன்.

இன்று காலை தொழிற்சாலையின் வண்டி நிறுத்தத்தில் அதே இடத்தில் காரை நிறுத்தி, கதவை மூடி, நீர் நின்ற இடத்தில் நின்றேன். கண்ணாடி வழியே இருக்கை தெரிந்தது, அதன் முன்னால் கீழே இருப்பது தெரியவில்லை. நீர் என்னைவிட நான்கு விரற்கடை உயரம். குதிகாலை உயர்த்திப் பார்த்தேன். ஆக்சிலரேட்டர் தெரிந்தது. ஆகவே கதவு மூடியிருந்தாலும் நீர் பார்த்திருக்கலாம். பார்த்திருக்கலாம் என்பது பார்த்தீர் என்று ஆகிவிடாது. வாட்ச்மேன் வந்து, "க்யா டூண்ட் ரஹே ஹோ, சாப்?" என்று கேட்டார். என்ன தேடுகிறேன் என்று சொல்ல எனக்கு இந்தியில் வாக்கியம் அமையவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் அமைந்திருக்காது.

என் ஒன்பதாவது குறிப்பு தவறு. அதில் ஐயமில்லை. அதைத் திரும்பப் பெறுகிறேன், மன்னித்துக்கொள்ளும். உமது சொல்லை மட்டும் எந்தப் பொருளில் கொள்வது என்று தெளியவில்லை. தெளியாததால் இரண்டு பொருளிலும் வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டுமே எனக்குப் பொருந்துகின்றன.