ஒன்பதாம் கட்டடத்தின் உள்ளே

மார்ச் 4, புதன்
பழைய ராணுவ முகாமின் பன்னிரண்டு கட்டடங்களுக்கும் மதிப்பீட்டு அறிக்கை கொடுத்தாயிற்று. எதைக் காப்பது, எதை நூலகமாகவோ விடுதியாகவோ மாற்றுவது, எதை இடிப்பது, எல்லாம் என் கையெழுத்தில். மேலாளர் முதுகில் தட்டினார். அலுவலகத்தில் அவருக்கு 'சீல்' என்று பெயர். எதை நீட்டினாலும் படிக்காமல் குத்திவிடுவார். ஏனோ சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி
ஏனோ என்ன ஏனோ! தெரிந்ததுதான். ஒன்பதாம் கட்டடத்துக்குச் சாவி கிடைக்கவில்லை. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். வரைபடத்தில் எட்டும் ஒன்பதும் இரட்டைப் பிள்ளைகள். எட்டு வெறும் போர்வைக் கிடங்கு. அங்கே பார்த்ததையே ஒன்பதுக்கும் எழுதினேன்: 'உள்ளே சென்று பார்த்தேன். சிறப்பு ஏதுமில்லை. இடிக்கலாம்.' பதினெட்டு வருட வேலையில் இப்படிச் செய்ததில்லை.

மார்ச் 11, புதன்
இடிப்பு இருபத்துமூன்றாம் தேதியாம். மனைவியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தது என் தப்பு.
"உள்ள போகாமலே போனேன்னு எழுதினீங்களா? நம்ம பொண்ணு இப்படி ஹோம்வொர்க் எழுதியிருந்தா வீட்டையே ரெண்டாக்கியிருப்பீங்களே!"
எரிந்து விழுந்தேன். பிறகு நானே பாத்திரம் கழுவினேன்.

மார்ச் 13, வெள்ளி
உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை.

மார்ச் 14, சனி
பூட்டுக்காரரை அழைத்துப் போனேன். "என்ன சார், புதையலா?" என்று கேட்டுக்கொண்டே அறுத்தார்.
வெளியளவு இரண்டுக்கும் ஒன்றுதான். உள்ளே டேப் பிடித்தால் எட்டைவிட ஆறடி குறைகிறது. சுவருக்குள் இன்னொரு சுவர், நடுவே காற்று போக இடைவெளி. மரத்தரை, அதில் மர ஆணிகள், உள்கதவின் கீல் செம்பு. இரும்பு மருந்துக்குக்கூட இல்லை, தீப்பொறி பறந்துவிடக்கூடாதே. வெடிமருந்துக் கிடங்கு! இத்தனை முழுசாக ஒன்றை நான் பார்த்ததே கிடையாது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா, பயமா? இரண்டும்தான். இதையா இடிக்கச் சொன்னேன், பாவி?

மார்ச் 16, திங்கள்
சீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குரலைத் தாழ்த்தினார்.
"'புதுத் தகவல் கிடைச்சிருக்கு'ன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. கட்டடமும் தப்பிச்சிடும், நீங்களும் தப்பிச்சிடுவீங்க. உள்ள போகலன்னு எழுதினா மத்த பதினொண்ணையும் எவன்யா நம்புவான்?"
நியாயமான பேச்சு. மூன்றாம் கட்டடத்தைச் செவிலியர் விடுதியாக்க ஆறு மாதம் படியேறி இறங்கிச் சம்மதம் வாங்கினேன். அதுவும் ஆட்டம் கண்டுவிடும். ஆனால் என்ன புதுத் தகவல்? நான் கதவைத் திறந்தேன் என்பதா?
நாலு காகிதம் கிழித்தேன்.

மார்ச் 17, செவ்வாய்
'உள்ளே செல்லவில்லை' என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் மனைவி சோறு இன்னொரு கரண்டி வைத்தாள்.

மார்ச் 23, திங்கள்
இடிக்கும் இயந்திரம் வரவில்லை.

ஏப்ரல் 8, புதன்
பன்னிரண்டுக்கும் மறுமதிப்பீடு. வேறு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார். எனக்குக் கதவு திறந்துவிடும் வேலை. மூன்றாம் கட்டடத்து வாசலில் நின்று என் அறிக்கையைப் பொறுமையாகப் படித்தார்.
"இதுக்குள்ள போனீங்களா சார்?"
"போனேம்மா. எத்தனையோ தடவை."
மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு, தானே பார்க்க உள்ளே போனார்.