கட்டக் கூடாத கயிறு

மிளகு மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிவிட்டுக் கயிறு தேடினேன். பரணில் கையை விட்டதும் அதுதான் அகப்பட்டது. இன்னும் உப்பு நாற்றம் போகவில்லை. உன் படகின் பாய்க்கயிறு. நுனியில் சாண் நீளக் கட்டை ஒன்று கட்டியபடியே இருக்கிறது. உன் காரியம் முடிந்த அன்று, "நீங்களே வெச்சுக்கங்கண்ணா" என்று உன் மனைவி கொடுத்தது.

கொல்லிமலையில் பிறந்தவனுக்குப் படகு எதற்கு என்று நான் செய்யாத கேலி இல்லை. நம் மலையின் குண்டனி நாட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத ஆள் நீ. பழவேற்காட்டில் வாத்தியார் வேலை கிடைத்ததும் கடலை ஒட்டிய அந்த ஏரியே கதி என்று ஆனாய். பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, என்னையும் வரவழைத்தாய்.

அன்றைக்கு வானம் ஒரு நிலையில் இல்லை. வெயில் அடிக்கும், உடனே இருட்டும், காற்று விட்டு விட்டு வீசும். சுக்கான் உன்னிடம், பாயை இழுத்துப் பிடிக்கும் பாய்க்கயிறு என்னிடம். உள்ளங்கை எரிந்தது. நீ பார்க்காத நேரம் அதைக் குறுக்குக் கட்டையில் கட்டிவிட்டேன். மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் வரை மூட்டை அசையாதிருக்க நம் ஊரில் போடுவோமே, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு, அதைத்தான்.

திடீரென்று காற்று அறைந்தது. படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. பாயைத் தளர்த்தப் பார்த்தேன், முடிச்சு அவிழவில்லை. நீ பாய்ந்து வந்து கத்தியால் கயிற்றை அறுத்தாய்.

"ஏன்டா மாப்ள, ஜீப்புன்னு நெனச்சியா? இதக் கட்டவே கூடாது. கையில புடிக்கோணும், காத்து வந்தா உட்டுரோணும்" என்று திட்டிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வருடம் மூன்று முறை போன் செய்தாய். "ஒத்தையில முடியாதுடா. கயித்துக்கு ஒரு ஆளு வேணும், வா."

மிளகு பறிப்பு இருக்கிறது என்றேன். பறிப்பு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கம். சொல்லியிருந்தால் நீயும் போகாமல் இருந்திருப்பாயோ என்னவோ.

மேகம் கூடிய ஒரு மதியத்தில் தனியாகப் போனாய். கவிழ்ந்த படகை மீனவர்கள் இழுத்து வந்தபோது பாய்க்கயிறு கட்டையில் கட்டியிருந்ததாம். சுக்கானுக்கும் கயிற்றுக்கும் உன் இரண்டு கை போதவில்லை. முடிச்சை அவிழ்க்க முடியாமல் கட்டையை அறுத்துத் துண்டோடு கொடுத்தார்கள். பார்த்ததுமே தெரிந்தது. நம் ஊர் மூட்டை முடிச்சு.

எனக்கு அதை அவிழ்க்கத் தெரியும். மனம் வரவில்லை. வேறு கயிறு எடுத்து மூட்டைகளைக் கட்டினேன்.

"ஏனுங்க, அந்தக் கயிறு நல்லாத்தானுங்களே இருக்குது?" என்றார் டிரைவர்.

"அது கட்டறதுக்கில்லீங்க" என்றேன்.

காரவள்ளி வரை அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன்.