மைனிக்கு, நான்கு டயர்களைப் பற்றி

மைனி,

இன்று காலை வண்ணார்பேட்டை டயர் கடைக்குள் நுழைந்ததும் புது ரப்பர் வாசம் முகத்தில் அடித்தது. அந்த வாசத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். கைத்தடியை ஊன்றி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கடைக்கார அண்ணாச்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தயாராக. அண்ணாச்சிக்கும் அதே நினைப்புதான் போலிருக்கிறது. வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வக்கீலம்மா இல்லாம இந்த வண்டி தனியா வந்திருக்கே" என்றார்.

நீங்கள் போய் இரண்டு கோடை கடந்துவிட்டது. வண்டி இப்போது என் கையில்.

அண்ணன் இதை வாங்கியபோது டவுணில் பாதிச் சொந்தம் சிரித்தது. யாரோ ஒரு டாக்டர் பல வருஷம் ஓட்டிவிட்டு விற்ற வெளிநாட்டுக் கார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு இந்தப் பவிசு எதற்கு என்று கேட்டார்கள். அது கியர் போடாமல், கிளட்ச் மிதிக்காமல் ஓடுகிற வண்டி என்பது யாருக்கும் உறைக்கவில்லை. சின்ன வயதில் போலியோ வந்து மெலிந்துபோன உங்கள் இடது காலுக்கு அதில் வேலையே கிடையாது. முதல் நாள் நீங்களே தனியாக ஸ்ரீவைகுண்டம் கோர்ட்டுக்குப் போய்த் திரும்பி, வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். நாத்தனாராக அல்ல, ஒரே வயதுக்காரியாக நான் அதைப் பார்த்தேன்.

அந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. டயர்கள் ரன்-ஃபிளாட். காற்று முழுக்க இறங்கினாலும் தடித்த பக்கச் சுவரே பாரத்தைத் தாங்கி, மெதுவாகப் போனால் கொஞ்ச தூரம் ஓடும். அதை நாம் நம்பியது கருங்குளம் தாண்டி நடந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான். பின்சீட்டில் உங்கள் கட்சிக்காரி, மேலப்பாளையத்து அக்கா ஒருத்தி இருந்தாள். ஏரலில் கடை வைத்திருந்த புருஷன் அவளைக் கைவிட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றும் தராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தான். அன்று அவள் சாட்சி சொல்ல வேண்டிய நாள். நாம் போகாவிட்டால் வழக்கு மறுபடியும் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கையில் ஸ்டியரிங்குக்கு முன்னால், டயரில் காற்று இறங்குவதைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"யா அல்லா, வண்டி நின்னுருமா?" என்றாள் அவள்.

"நிக்காது. பைய போகும். நீ என்ன சொல்லணும்னு மட்டும் நினைச்சுக்கிட்டே வா" என்றீர்கள்.

மாட்டுவண்டிகூட நம்மைத் தாண்டிப் போயிருக்கும். ஆனால் கோர்ட்டில் பேர் கூப்பிடும்போது அவள் கூண்டருகே நின்றாள். ஜீவனாம்சம் கிடைத்தது. டயர் போனது.

மறுநாள் இதே கடையில் அண்ணாச்சி அந்த டயரைக் கழற்றி உள்பக்கம் காட்டினார். சுவர் முழுவதும் அரைபட்டு ரப்பர் பொடியாக உதிர்ந்தது. ஒட்ட முடியாது என்றார். மற்ற மூன்றும் தேய்ந்து வழவழத்திருந்தன. நான்கையும் ரன்-ஃபிளாட்டாகவே வாங்க வேண்டுமென்றால் சாதா டயரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. உங்கள் மகளைக் கல்லூரியில் சேர்த்த வருஷம் அது. வீட்டில் அவ்வளவு பணம் புரளவில்லை.

அண்ணன் உடனே, "சாதா டயரே போடுவோம். எங்கயாவது நின்னா எனக்கு ஒரு போன் போடு, நான் வந்து மாத்தித் தாரேன்" என்றார்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் உங்கள் முகம் இறுகியது. "நீங்க வந்து மாத்துறதுக்கா நான் கார் ஓட்டப் படிச்சேன்?"

கடையில் வேலை பார்த்தவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள். நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அண்ணாச்சியிடம் ஆரம்பித்தீர்கள். ரெண்டு மட்டும் ரன்-ஃபிளாட், ரெண்டு சாதா என்று கலந்து போடலாமா? கூடாது, வளைவில் வண்டி ஒரே மாதிரி பிடிக்காது. ஒன்று போனால் அடுத்தது இங்கே கிடைக்குமா? மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும், சமயத்தில் சென்னையிலிருந்து. ஆணி குத்தினால் சாதா டயரை யார் ஒட்டுவார்கள்? ஏரல் வரைக்கும் வழியெல்லாம் பஞ்சர் கடை இருக்கிறது. கடை இல்லாத இடத்தில்?

"அங்கன நீங்களேகூட ஒட்டலாம்மா. டயரைக் கழட்டவே வேண்டாம். ஆணியைப் பிடுங்கிட்டு, ரப்பர் திரியை ஊசியில கோத்து அந்த ஓட்டையில குத்தி இறக்கணும். ஆனா அதுக்குக் கையில பலம் வேணும்லா" என்றார் அண்ணாச்சி.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். கைத்தடியைப் பிடித்துப் பிடித்து உரமேறிய அந்தக் கையை அவர் முன்னால் நீட்டினீர்கள். "இது போதுமா, பாருங்க."

அன்றைக்கே முடிவாகிவிட்டது. நான்கும் சாதா டயர். திரியும் ஊசியும், வண்டியிலேயே சொருகிக் காற்றடிக்கும் சின்ன பம்பும். சுவர் கிழிந்தால் திரி உதவாது என்பதால் டிக்கியில் படுக்கப்போட ஒரு ஸ்டெப்னி. அதை மாட்ட மட்டும் ஆள் கூப்பிடலாம் என்று அண்ணனுக்கு ஒரு சலுகை. ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் பழைய டயரில் அண்ணனையே ஆணி அடிக்கச் சொல்லி ஒட்டிப் பழகினீர்கள். அவர் அடித்துக்கொண்டே இருந்தார், நீங்கள் பிடுங்கிக்கொண்டே இருந்தீர்கள். முற்றமெல்லாம் ரப்பர் பசை. சோறு ஆறிப்போய்விட்டது என்று நான் கத்தியதை இரண்டு பேருமே கேட்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், ஏரலிலிருந்து திரும்பும்போது, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் பின்டயர் இறங்கியது. வெயில் தலையைப் பிளந்தது. பைக்கில் வந்த இருவர் நின்றார்கள். பெரியவராக இருந்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "தள்ளுங்கம்மா, நாங்க பாக்கோம்" என்றார்.

நீங்கள் அதற்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து குறட்டால் ஆணியைப் பிடித்திருந்தீர்கள். "இத நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. நீங்க கொஞ்சம் இந்தக் குடையை மட்டும் பிடிங்க. வெயிலு தாங்கல."

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு குடையை வாங்கி, உங்கள் தலைக்கு நேராக, நிழல் விலகாமல் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி இறங்கியபோது அவரும் சேர்ந்து மூச்சைப் பிடித்தார். பம்பு உறுமி, டயர் நிமிர்ந்ததும், "எம்மா, உங்க கையில ஆட்டுக்கல்லக் குடுத்தா மாவு கதறும்" என்றார். ஊர் வந்து சேரும் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். உதவியே வேண்டாம் என்கிறவர் என்றுதான் அதுவரை உங்களை நினைத்திருந்தேன். எந்த உதவி என்பதை நீங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

புற்றுநோய் என்று தெரிந்தபோதும் அப்படியே இருந்தீர்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டீர்கள், எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்ற முடிவை நீங்களே சொன்னீர்கள். கடைசி வாரங்களில் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, வண்டியை ஷெட்ல போட்டு வைக்காத, ஓட்டு" என்றீர்கள். ஓட்டுகிறேன் மைனி.

இன்று கடைக்குப் போனது உங்கள் டயர்களும் தேய்ந்துவிட்டதால். அண்ணாச்சி சாதா டயரையே எடுத்துப் போட்டார். நான் வேண்டாம் என்றேன். நீங்கள் போன பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கைகால் பயிற்சிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கூட்டிப் போகிறேன். நடுரோட்டில் அவரை வெயிலில் உட்கார வைத்துவிட்டு என்னால் திரி குத்திக்கொண்டிருக்க முடியாது. எனக்கு அந்தக் கையும் இல்லை. ஆகவே இந்த வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டாம், ரன்-ஃபிளாட் போடுங்கள் என்றேன். மதுரையில் இருப்பு உண்டா, எப்போது தயாரானது, உத்தரவாதம் எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று நானே கேட்டேன். நீங்கள் எடுத்த முடிவை நான் எடுக்கவில்லை. கேட்ட விதம் மட்டும் உங்களுடையது, அதை நான் விடப்போவதில்லை.

ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தால் இன்றே போட்டிருக்கலாம் என்றார் அண்ணாச்சி. நாலு நாள் பொறுத்து மறுபடி போய் மாட்டிக்கொண்டேன். இந்த மடலை முதல் நாள் தொடங்கி, டயர் மாட்டிய பிறகுதான் முடிக்கிறேன். முதல் ஓட்டமாக அண்ணனை மணிமுத்தாறு வரை கூட்டிப் போனேன். இந்த டயர் கொஞ்சம் முரடு, உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போட்டது. கல்லிடைக்குறிச்சி தாண்டியதும், வாய் கோணிய பிறகு ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசாத மனுஷன், முழுசாக ஒரு வாக்கியம் சொன்னார்.

"ஏட்டி... உன் மைனி... இத விட நல்லா ஓட்டுவா."

"ஆமா, ஓட்டுவாங்க" என்றேன்.

அணைக்கரையில் காற்று பலமாக இருந்தது. கதவைத் திறந்து அவர் பக்கம் போய் நின்றேன். தூக்கப் போன என் கையை அவர் தள்ளிவிட்டு, தோளை மட்டும் காட்டச் சொன்னார். காட்டினேன். பிடித்துக்கொண்டு எழுந்து, தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.