கடைசிக் கூறு

சார்,

இன்று காலை உங்கள் கறிக்கட்டையை வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. புளியங்கட்டை நனைந்ததும் மரத்தின் புளிப்பும் பழைய கொழுப்பும் மஞ்சளும் சேர்ந்த அந்த வாசனை எழுந்தது. மருமகள் அடுக்களைச் சன்னலில் எட்டிப் பார்த்து, “மாமா, கறிக்கடை மாதிரி நாறுது. அங்குட்டுத் தள்ளி வச்சுக் கழுவுங்களேன்” என்றாள். கட்டையைத் தள்ளி வைத்து, நானும் அதனோடு தள்ளி உட்கார்ந்தேன்.

அந்த வாசனையில் எனக்கு உங்கள் வீட்டுக் கொல்லைதான் தெரிகிறது. கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்து வந்ததும் நம் பள்ளி ஆசிரியர்கள் சிலர் அங்கே கூடுவோம். எல்லோரும் சேர்ந்து ஓர் ஆடு வாங்கியிருப்போம். உரிப்பவர் தன் வேலையை முடித்துப் போனபின், சிறிதாக வெட்டிக் கூறு போடுவது உங்கள் பொறுப்பு. நீங்கள் கணக்கு ஆசிரியர் என்பதால் ஓவிய ஆசிரியர் தவறாமல் சொல்வார்: “சார் வகுத்தல் கணக்கை ஆரம்பிச்சுட்டாரு. மீதி வராமப் பாத்துக்கங்கய்யா!”

தேக்கிலைகளை வரிசையாக விரித்து ஒவ்வொன்றிலும் தொடைக்கறி, நெஞ்செலும்பு, ஈரலில் ஒரு துண்டு, கொழுப்பில் ஒரு துண்டு என்று வைப்பீர்கள். தராசு கிடையாது. ஈரல் சற்றுப் பெரிதாக விழுந்த கூறில் எலும்பைக் கூட்டுவீர்கள். எல்லாம் முடிந்ததும் என்னைக் கூப்பிடுவீர்கள். நான் கூறுகளுக்கு முதுகைக் காட்டி, மதிலைப் பார்த்து நிற்க வேண்டும். நீங்கள் ஒரு கூறின்மேல் கையை வைத்து, “இது யாருக்கு?” என்பீர்கள். நான் ஒரு பெயரைச் சொல்வேன். எது யாருக்குப் போனது என்று திரும்பிய பிறகுதான் எனக்கே தெரியும். எல்லோரும் எடுத்த பின் இலையில் எஞ்சியிருப்பது உங்களுக்கு.

“எப்பவும் நான்தானா சார்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“உங்களைக் கூறுக்கு நேரா நிப்பாட்டுனா, எதுல கண்ணு வச்சிருக்கீகன்னு மூஞ்சியே சொல்லிரும். திரும்பி நில்லுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வேறு எதற்கும் ஆகாதவன் என்பதால்தான் அந்த வேலையை எனக்குத் தந்திருக்கிறீர்கள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

ஒரு வருடம், பொட்டலம் மடிக்க வைத்திருந்த செய்தித்தாளை ஓவிய ஆசிரியர் விரித்துப் படித்தார். “உலகத்துலயே ரொம்பப் பழைய தொழில் எதுன்னு போட்டிருக்கான் சார். சரித்திர வாத்தியாரு சொல்லட்டும்.” விலைமாதர் தொழிலைத்தான் சொல்கிறார் என்று புரிந்து, சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் காது சுட்டது. “வேட்டையாக இருக்கலாம்” என்று முனகினேன்.

நீங்கள் கத்தியைக் கட்டையில் ஊன்றி நிமிர்ந்தீர்கள். “என்னத்துக்குச் சிரிக்கிறீக? அவன் சொல்ற தொழிலுக்கும் கையில குடுக்க ஒரு பண்டம் வேணுமுல்ல? அந்தப் பண்டம் அவனவன் கைக்கு எப்படி வந்துச்சு? யாரோ பிரிச்சுக் குடுத்திருக்கணும். வேட்டைங்கிறீக சார், புலியும்தான் வேட்டையாடுது. அது தொழிலா? பசி. அடுத்தவனுக்காகச் செஞ்சாத்தான் தொழிலு. அடிச்சுப் போட்ட மிருகத்தைக் கூறு போட்டு, எல்லாரும் எடுத்தப்பறம் எடுத்துக்கிட்டான் பாருங்க ஒருத்தன், அவன்தான் மொதத் தொழிலாளி.”

“அப்ப உங்க தொழிலுதான் ஒசத்திங்கிறீக” என்றார் ஓவிய ஆசிரியர்.

“பின்னே? நீங்க வரைஞ்ச மாட்டை யாரு திங்க முடியும்?”

நான் அதை அப்படியே விடவில்லை. விடுமுறை முழுவதும் நூலகத்தில் தேடினேன். கல்லைச் செதுக்கியவன், நெருப்பைக் காத்தவன், பிள்ளைப்பேறு பார்த்தவள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. பள்ளி திறந்ததும் உங்களிடம் வரிசையாகச் சொன்னேன். “இன்னுமா சார் அதைப் போட்டு ஒழப்பிக்கிட்டு இருக்கீக?” என்றீர்கள். நான் எதையும் முடிக்கத் தெரியாதவன். விடைத்தாளில் போட்ட மதிப்பெண்ணைக்கூட அழித்து அழித்து மாற்றுவேன். ஒருநாள் என் கையிலிருந்து சிவப்புப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு சொன்னீர்களே, “போதும் சார், கையை எடுங்க” என்று. கூறு போடுகையில் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதும் அதுதான்.

இந்த ஆனியில் நீங்கள் போனீர்கள். வீட்டை விற்பதில் பிள்ளைகளுக்குள் சண்டை இல்லை. சண்டையெல்லாம் உங்கள் மனைவி கிறிஸ்துமஸ் அல்வா கிண்டிய அந்த வெண்கல உருளிக்குத்தான். மூன்று பேருக்கும் அது வேண்டும். மூன்று பேருக்குள்ளும் பேச்சு நின்றுவிட்டது. உங்கள் மகள் என் வீட்டுக்கு வந்தாள். “ஊருக்கெல்லாம் அப்பா பிரிச்சுக் குடுத்தாரு மாமா. எங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கத்தான் ஆளில்லை. நீங்க வாரீகளா?”

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். பொருளைப் பிரிக்கப் போய் ஆட்களைப் பிரித்துவிட்டால் என்ன செய்வது? ஆனால் அவள் கண்ணைப் பார்த்து மறுக்கவும் பயமாக இருந்தது. போனேன்.

கூடத்து ஆத்தங்குடித் தரைக்கல்லில் மூன்று கூறு வைத்தேன். ஒன்றில் தையல் எந்திரமும் வெள்ளித் தட்டும். ஒன்றில் பித்தளைக் குடங்களும் கடிகாரமும். உருளி இருந்த கூறில் பிரம்பு நாற்காலியும் உங்கள் குடையும் மட்டும். ஈரல் இருக்கும் இடத்தில் எலும்பைக் கூட்டியிருந்தேன். பிறகு சந்தேகம் வந்தது. குடையை எடுத்துக் குடங்களோடு வைத்தேன். திரும்ப எடுத்து உருளிக்குள் வைத்தேன். கடிகாரத்தை மாற்றினேன். மறுபடியும் குடை. சுவரோரம் தனித்தனியாக நின்ற மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இளையவன்தான் வாய் திறந்தான். “மாமா, அப்பா இருந்திருந்தா, இந்நேரம் ஆடு எந்திரிச்சு ஓடிருக்கும்னு சொல்லியிருப்பாரு.”

மகள் சிரித்துவிட்டாள். மூத்தவன் சிரிப்பை அடக்க இருமினான். எனக்கு மட்டும் உங்கள் குரல் கேட்டது. கையை எடுத்தேன்.

“நீங்க திரும்பி நில்லுங்க மாமா. எப்பவும் நீங்கதானே” என்றாள் மகள். கூறு வைத்தவனே பெயரும் சொல்வது முறையல்ல என்றேன். மூத்தவனைத் திரும்பி நிற்கச் சொன்னேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பினான்.

திரும்பி நிற்பவனின் முதுகை அன்றுதான் சார் முதன்முறையாகப் பார்த்தேன். தலை நரைத்த ஆள். பள்ளிக்கூடப் பையன்போல நின்றான். பின்னால் யார் எதைச் செய்தாலும் அவனுக்குத் தெரியாது. அதை அறிந்தே நின்றான். என் முதுகும் உங்களுக்கு இப்படித்தான் தெரிந்திருக்குமா?

உருளியின்மேல் கையை வைத்து, “இது யாருக்கு?” என்றேன். அவன் நேரம் எடுத்துக்கொண்டு தம்பியின் பெயரைச் சொன்னான். பிறகு திரும்பிப் பார்த்தான். ஒரு நொடி முகம் சுருங்கியது. விலகித் தம்பிக்கு வழி விட்டான்.

இளையவன் உருளியைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். சென்னையில் அவன் வீட்டு அடுப்பில் அது உட்காரவே உட்காராது.

“டேய், கிறிஸ்துமஸுக்காச்சும் குடுத்துவிடுவியா?” என்றாள் அக்கா.

“வந்து கேட்டுப் பாரு.”

“நான் வர மாட்டேன். நீ கொண்டாந்து குடு.”

பல மாதங்களுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான். சமாதானம் என்று நான் சொல்லமாட்டேன். பேச்சு என்று மட்டும் சொல்கிறேன்.

நான் செருப்பைத் தேடும்போது மூத்தவன் கூப்பிட்டான். “மாமா, பிரிச்ச ஆளுக்குக் கூறு?” மூவரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். எல்லாம் பங்காகிப் போயிருந்தது. கொல்லையில் இந்தக் கட்டை மட்டும் கிடந்தது. ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

நீங்கள் சொன்னதை நான் இன்னும் முழுதாக ஏற்கவில்லை சார். முதல் தொழிலாளி ஒருவனாக இருந்திருக்க முடியாது என்று படுகிறது. ஒருவன் கூறு வைத்திருக்க வேண்டும். இன்னொருவன் அவனை நம்பித் திரும்பி நின்றிருக்க வேண்டும். இரண்டில் எது முந்தியது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் கேட்க வேண்டும்போல இருக்கிறது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நானே கூறு போட வேண்டும் என்று நம் ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். மதிலைப் பார்த்து நிற்க ஓவிய ஆசிரியர் ஒப்புக்கொண்டார். “நான் நின்னுக்கிறேன். நீங்க சாயங்காலத்துக்குள்ள முடிங்க சார்” என்றார்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். எதையோ எடுத்து வேறெங்கோ வைக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. போதும். கையை எடுத்துக்கொள்கிறேன்.